விளம்பர விளையாட்டைப் பாதுகாக்க வேண்டுமா?

1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'அவாய்ட் தி நாய்ட்' என்றொரு கணிப்பொறி விளையாட்டு வெளிவந்தது. 'நாய்டிடம் சிக்காதே' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நாய்ட் என்பது டாமினோஸ் என்னும் பீட்சா நிறுவனம் 1986 முதல் தன் தொலைக்காட்சி விளம்பரங்களில் உலவவிட்ட ஒரு குறும்புப் பாத்திரம். சிவப்பு உடை, முயல் காது. சூடான பீட்சாவைக் கெடுப்பதே அதன் தொழில். களிமண் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாத்திரத்தை வைத்து ஷேர்டேட்டா என்ற நிறுவனம் கமடோர் 64, டாஸ் ஆகிய இருவகைக் கணிப்பொறிகளுக்கும் இந்த விளையாட்டை வெளியிட்டது.

விளையாட்டில் நாம்தான் பீட்சா கொண்டு செல்பவர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பீட்சாவைச் சேர்ப்பிக்க வேண்டும். வழியெல்லாம் பல வடிவங்களில் நாய்டுகள். போதாக்குறைக்கு, பீட்சாவையே குறிவைத்துப் பறந்துவரும் ஏவுகணைகள்! இத்தனையையும் தாண்டி அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஏறியும் தாவியும் தளத்துக்குத் தளம் முன்னேறும் இவ்வகை விளையாட்டுகளை 'பிளாட்பார்ம்' விளையாட்டுகள் என்பார்கள்.

டாஸ் என்பது விண்டோசுக்கு முன்பு ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளை இயக்கிவந்த அடிப்படை மென்பொருள். அதற்காக எழுதப்பட்ட நிரல்கள் இன்றைய கணிப்பொறியில் பெரும்பாலும் நேரடியாக ஓடா. ஆயினும் இவற்றைப் பழைய தட்டுகளிலிருந்து பிரதி எடுத்து, இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் பெயரும் இல்லை.

ஒரு பீட்சா விளம்பரத்துக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். என் வகுப்பு மாணவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். பாடு தகும் என்பது என் கருத்து. பிரதி எடுத்துப் பூட்டி வைத்தால் போதாது, பகிரவும் வேண்டும் என்பதும் என் கருத்து. இதற்கான காரணங்களில் பாதி இயற்பியலில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்நாளில் நிரல்கள் பிளாப்பி எனப்படும் நெகிழ் தட்டில் வந்தன. மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். அதன் இருபுறமும் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையோடு கலந்து பூசியிருப்பார்கள். 5¼ அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 40 வளையங்கள். ஒவ்வொரு வளையமும் 9 துண்டுகள்; ஒவ்வொரு துண்டிலும் 512 பைட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 2 × 40 × 9 × 512 = 3,68,640 பைட்டுகள், அதாவது 360 கிலோபைட். உங்கள் வீட்டுக் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைச் சேமிக்க இத்தகைய தட்டுகள் பத்துப் பன்னிரண்டு வேண்டியிருக்கும். அந்த இடத்துக்குள் ஒரு முழு விளையாட்டையே அடக்கினார்கள்.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். இத்தட்டின் உள்வளையத்தில் ஓர் அங்குல நீளத்தில் 5,876 பிட்டுகள் எழுதப்படுகின்றன. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 4.3 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், முடியின் அகலத்துக்குள் 16 பிட்டுகள், அதாவது இரண்டே எழுத்துகள் அடங்கும். மேலே ஒரு முடியளவு கீறல் விழுந்தால் இரண்டு எழுத்துகள் போயின. நிரலில் இரண்டு எழுத்து போவது கதையில் இரண்டு எழுத்து போவதைப் போன்றதன்று. கதையை ஊகித்துப் படித்துவிடலாம். நிரல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

தட்டிலுள்ள காந்தம் காலப்போக்கில் தானாகவே வற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் தளர்வது காந்தம் அன்று, அதைப் பிடித்து வைத்திருக்கும் பசைதான். பசை ஒரு பாலிமர். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்லச் சிதைகிறது. ஈரம் மிகுந்த ஊர்களில் பூஞ்சையும் பிடிக்கும். எங்கள் ஆய்வுக்கூட அலமாரியிலுள்ள பழைய தட்டுகள் சிலவற்றில் அது வெண்புள்ளிகளாகப் படர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அப்படிப்பட்ட தட்டைக் கருவியில் செருகினால், படிக்க வரும் முனையே காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். நெகிழ் தட்டின் ஆயுள் பத்து முதல் முப்பது ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நல்ல உலர்ந்த அறையில் வைத்தால் இன்னும் சில காலம் தாங்கும். 1989-இல் வெளியான தட்டு 35 வயதைத் தாண்டிவிட்டது.

இப்போது இன்னொரு கணக்கு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்துக்காக ஊழியர்கள் உருவாக்கி வெளியிட்ட படைப்புக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 1989 + 95 = 2084. அந்த ஆண்டின் கடைசி நாள் முடிந்து, 2085 ஜனவரி முதல் தேதியன்றுதான் அது எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகும். இதைப் படிக்கும் உங்களுக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருக்கும். தட்டின் ஆயுளை முப்பது என்று வைத்தால் அது 2019-லேயே முடிந்துவிட்டது. சட்டம் கதவைத் திறக்கும் நாளுக்கும் பொருள் மடியும் நாளுக்கும் இடையே 65 ஆண்டு இடைவெளி! சட்டத்தை இயற்றியவர்கள் புத்தகத்தை மனத்தில் கொண்டு ஆண்டுகளை எண்ணினார்கள். காகிதம் காத்திருக்கும். பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய இரும்புத் துருவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திரைப்பட வரலாற்றில் பார்க்கலாம். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களைப் பற்றி அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவற்றுள் மூல வடிவில் முழுமையாக மிஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே. அவற்றைப் படமாக்கியவர்கள் எல்லாம் அழியட்டும் என்றா எண்ணினார்கள்? ஓடி முடிந்த படத்தால் இனி வருமானம் இல்லை என்று கிடங்கில் போட்டார்கள், கிடங்கில் தீப்பிடித்தது. 1937-இல் நியூ ஜெர்சியில் பாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது அப்படிப்பட்ட ஒன்று.

விளையாட்டுகளின் நிலைமையை வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஆராய்ந்தது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. அவசரப்பட்டு இந்த 87-ஐயும் மேலே சொன்ன 14-ஐயும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. விற்பனையில் இல்லாமல் போவது வேறு, அழிந்தே போவது வேறு. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளில் பல இன்னும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவை அழிந்துபோவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பதே பேச்சு.

எப்படி எடுக்கிறார்கள் என்பது சுவையான செய்தி. சாதாரண முறையில் கருவியில் செருகிப் பிரதி எடுப்பது நல்ல நிலையிலுள்ள தட்டுக்குச் சரி. பழுதான தட்டுக்கு வேறு முறை உண்டு. தட்டு வினாடிக்கு 5 சுற்று சுழல்கிறது. காந்தத்தின் திசை மாறும் ஒவ்வோர் இடமும் படிப்பு முனையைக் கடக்கும்போது அதன் கம்பிச் சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு தோன்றுகிறது. பள்ளியில் படிக்கும் பாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது. அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் இவ்வகைத் தட்டில் 4, 6 அல்லது 8 மைக்ரோவினாடியாக இருக்கும். இந்த மூன்று இடைவெளிகளின் வரிசையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: நாய்டின் படமும், பீட்சா கொண்டு செல்பவரின் நடையும், அரை மணிக் கடிகாரமும். மூன்றே சொற்களைக் கொண்ட ஒரு மொழி என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கிரையோபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற சிறு கருவிகள் இந்த இடைவெளிகளை அப்படியே அளந்து பதிவு செய்கின்றன. தட்டு நைந்திருந்தால் ஓர் இடைவெளி 4-க்கும் 6-க்கும் நடுவே 5 என்று வரும். அதை எதில் சேர்ப்பது? பலமுறை சுழற்றி, பலமுறை அளந்து, நாம் ஆய்வுக்கூடத்தில் ஊசல் பரிசோதனையில் செய்வதைப் போலவே முடிவு காண்கிறார்கள். முடிவு சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு 512 பைட்டுக்குப் பின்னும், அந்தப் பைட்டுகளிலிருந்தே கணக்கிடப்பட்ட 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று தட்டில் எழுதப்பட்டிருக்கும். படித்ததிலிருந்து நாம் மறுபடியும் கணக்கிட்டு, இரண்டும் ஒத்தால் ஏற்கலாம். தாறுமாறாகச் சிதைந்த ஒரு துண்டு தற்செயலாக ஒத்துப்போக 65,536-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

சரி, பிரதி கிடைத்துவிட்டது. விளையாட்டு பிழைத்துவிட்டதா? பாதிதான். அதை ஓட்டக் கருவி வேண்டும். இங்கேதான் எமுலேட்டர் எனப்படும் 'வேடம் போடும்' மென்பொருள் வருகிறது. 2002-இல் முதன்முதலாக வெளியான டாஸ்பாக்ஸ் இவற்றுள் புகழ்பெற்றது. புதிய கணிப்பொறிக்குள் பழைய கணிப்பொறியைப் போலவே அது நடிக்கும். நன்றாக நடிக்க வேண்டுமானால் பழைய கருவியின் நாடித்துடிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாடித்துடிப்புக்கு ஓர் அழகான வரலாறு உண்டு. முதல் ஐ.பி.எம். பி.சி.யில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரே ஒரு குவார்ட்ஸ் படிகமே தாளகர்த்தா. இதென்ன விந்தையான எண் என்கிறீர்களா? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலையின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்கு மடங்கு இது. கணிப்பொறியின் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் காட்ட முடிய வேண்டும், படிகங்களும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று இந்த எண்ணைத் தேர்ந்தார்கள். இதை 3-ஆல் வகுத்தால் 4.77, அது மையச் செயலியின் வேகம். 12-ஆல் வகுத்தால் 1.193182, அது காலக் கணிப்பானின் துடிப்பு. அதையும் 65,536-ஆல் வகுத்தால் வினாடிக்கு 18.2. டாஸ் கணிப்பொறியின் அடிப்படைக் கடிகாரம் வினாடிக்கு 18.2 முறை 'டிக்' என்று அடித்தது இப்படித்தான். உள்ளே இருந்த சிறிய ஒலிபெருக்கி கூட இதே துடிப்பை வகுத்துத்தான் பாடியது. 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமா? 11,93,182-ஐ 2,712-ஆல் வகு என்று நிரல் ஆணையிடும், 439.96 ஹெர்ட்ஸ் கிடைக்கும். காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பழைய நிரல்களில் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. அவற்றை வேகமான கணிப்பொறியில் ஓட்டினால் பாத்திரங்கள் கண்ணிமைக்குள் பறந்துவிடும். ஆகவே 'பாதுகாப்பு' என்றால் பைட்டுகளைப் பாதுகாப்பது மட்டும் அன்று. அந்தப் பைட்டுகள் எந்த வேகத்தில், எந்தத் திரையில், எத்தனை நிறங்களில் உயிர்பெற்றன என்ற அறிவையும் சேர்த்தே காக்க வேண்டும். அந்த அறிவு பல தலைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் எடுத்த பிரதியை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, 'எங்கள் வீட்டில் இது இவ்வளவு வேகமாக ஓடவில்லையே' என்று சொல்லும்போதுதான் திருத்தம் நடக்கும். பகிராத பிரதியைத் திருத்துவார் யாருமில்லை.

பகிர்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிரதி இன்னும் முப்பது ஆண்டுகள் பிழைத்திருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். ஒரே பிரதி இருந்தால் அது அழியும் வாய்ப்பு 90 விழுக்காடு. வெவ்வேறு இடங்களில் பத்துப் பிரதிகள் இருந்தால், அத்தனையும் அழியும் வாய்ப்பு 0.9-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 35 விழுக்காடு. ஐம்பது பிரதிகள் என்றால் அரை விழுக்காடு! ஒவ்வொரு பிரதியும் இவ்வளவு நோஞ்சானாக இருந்தும், எண்ணிக்கை அவற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் 'வெவ்வேறு இடங்களில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஐம்பதையும் ஒரே அலமாரியில் வைத்தால் இந்தக் கணக்குச் செல்லாது. ஒரு தீக்குச்சி போதும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். 'இது குழந்தைகளைப் பீட்சா வாங்கத் தூண்டிய விளம்பரம்தானே, இதைக் காப்பாற்றி மறுபடியும் குழந்தைகளிடம் கொடுப்பதா?' என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை அந்த விளையாட்டின் அரை மணிக் கடிகாரத்திலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

விளையாட்டுக்காரர்கள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவைக்கவில்லை. முப்பது நிமிடத்துக்குள் பீட்சா வரும், வராவிட்டால் இலவசம் அல்லது விலையில் தள்ளுபடி என்பது அக்காலத்தில் டாமினோஸ் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த வாக்குறுதி. இந்தியாவிலும் அந்நிறுவனம் பின்னாளில் இதையே சொல்லி விளம்பரம் செய்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் அந்த வாக்குறுதியின் விலை சாலையில் தெரிந்தது. டாமினோஸ் வண்டியோட்டி ஒருவரால் உயிரிழந்த இந்தியானா மாநிலப் பெண் ஒருவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் நிறுவனம் 28 லட்சம் டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த வண்டியால் காயமுற்ற இன்னொரு பெண்ணுக்கு, 1993-இல் நடுவர் குழு ஏறத்தாழ 8 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறுவனம் அமெரிக்காவில் அந்த உறுதிமொழியைக் கைவிட்டது.

இப்போது விளையாட்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கடிகாரம் ஓடுகிறது, ஆபத்துகள் சூழ்கின்றன, ஆனாலும் பீட்சா கொண்டு செல்பவர் முப்பது நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 1989-இல் இது வேடிக்கை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் இதுவே நீதிமன்ற விவகாரம். அவசரத்தை அக்காலம் எப்படிச் சிரிப்பாகப் பார்த்தது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பில் சான்று கிடைக்காது. இந்தச் சின்ன விளையாட்டில்தான் கிடைக்கும். பத்து நிமிடத்தில் பொருள் கொண்டு வருகிறோம் என்னும் விளம்பரங்களைப் பார்த்த தலைமுறைக்கு இதைக் காட்ட வேண்டாமா? விளம்பரம் என்ற முத்திரையை மறைக்காமல், எந்த ஆண்டு, யாருக்காக, எதை விற்க என்று எழுதி வைத்துக் காட்ட வேண்டும். என் சக ஆசிரியரின் கவலைக்கு அதுவே மருந்து.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். இத்தகைய பொருளைக் காக்கும் பொறுப்பை உரிமையாளரிடமே விட்டுவிட முடியாது. விளம்பரம் தன் வேலையை முடித்தவுடன் அதன்மேல் அவருக்கு அக்கறை போய்விடுகிறது. சில சமயம் மறந்துவிடுவதே அவருக்கு வசதி. அதுமட்டுமா, பாத்திரத்தின் உரிமை ஒருவரிடம், நிரலின் உரிமை இன்னொருவரிடம் என்று இருக்கும். ஒப்பந்தம் முடிந்தபின் இருவரில் யாரும் தனியாக மறுவெளியீடு செய்ய முடியாது. விளம்பர விளையாட்டுகள் மற்றவற்றைவிட விரைவில் மறைவதற்கு இது ஒரு காரணம்.

செவன் அப் பானத்துக்காக விர்ஜின் நிறுவனம் வெளியிட்ட 'கூல் ஸ்பாட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1993-இல் வேறு கருவிகளுக்கும் 1994-இல் டாசுக்கும் வந்தது. புட்டியிலுள்ள சிவப்புப் புள்ளிக்குக் கையும் காலும் கறுப்புக் கண்ணாடியும் முளைத்துத் தாவி ஓடும். அமெரிக்காவில் அந்தப் பானம் ஒரு நிறுவனத்துக்கு, வெளிநாடுகளில் பெப்சிக்கு. வெளிநாடுகளில் அதன் விளம்பரத்துக்கு வேறொரு பாத்திரம் இருந்தது. குச்சி முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பைடோ டைடோ. இந்தியாவிலும் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பார்த்தது அதைத்தான். ஆகவே ஐரோப்பியப் பதிப்பிலிருந்து பானத்தின் அடையாளங்களை நீக்கினார்கள். அமெரிக்கப் பதிப்பின் ஊக்கச் சுற்றில் சேர்க்க வேண்டிய எழுத்துகள் 'அன்கோலா' என்ற விளம்பரச் சொல்லை அமைக்கும். ஐரோப்பியப் பதிப்பில் 'விர்ஜின்' என்று வெளியீட்டாளர் பெயரை அமைக்கும். சுவடி ஆராய்ச்சியாளர்கள் பாடபேதம் என்பது இதைத்தான். ஒரு பதிப்பை மட்டும் காத்தால், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

பதிப்புரிமை பற்றி என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் இன்றும் விலைக்குக் கிடைக்கும் ஒரு விளையாட்டைத் திருட்டுத்தனமாகப் பரப்புவது தவறு. அதைப் 'பாதுகாப்பு' என்று அழைப்பது சொல்லுக்கே அவமானம். எங்கும் விற்கப்படாத, விற்கப்படப் போவதும் இல்லாத விளம்பர விளையாட்டின் கதை வேறு. உரிமையாளரைத் தேடிக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் காசு வாங்காமல், ஒரு பைட்டையும் மாற்றாமல், ஆக்கியோர் பெயர்களை அழிக்காமல் வைக்க வேண்டும். உரிமையாளர் வந்து ஆட்சேபித்தால் எடுத்துவிட வேண்டும். இன்றைய சட்டம் இதற்கு முழு அனுமதி தரவில்லை என்பது உண்மை. அமெரிக்க நூலகங்கள் பழைய விளையாட்டுகளைப் பாதுகாத்து வைக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தொலைவிலிருந்து இணையம் வழியே பயன்படுத்த அனுமதிக்கும் கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நூலகக் கட்டடத்துக்குள் வந்து பாருங்கள் என்பது இதன் பொருள். மதுரை மாணவர் ஒருவர் இதற்காக அமெரிக்கா போக வேண்டும்! என் கருத்தில் இந்த முடிவு தவறு. விற்பனை நின்று இத்தனை ஆண்டுகள் ஆன மென்பொருளைப் பதிவுபெற்ற நூலகம் இலவசமாகப் பகிரலாம் என்று ஒரு விதி வேண்டும். பத்து ஆண்டா, இருபதா என்று வாதாடட்டும். 95 என்பது பொருளே இல்லாத எண்.

உரிமையாளர்களே முன்வந்ததும் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் காலை உணவுத் தானியப் பெட்டிக்குள் குறுந்தகடாக ஒரு விளையாட்டு இலவசமாக வந்தது. அதை விரும்பியவர்கள் பல ஆண்டுகள் தங்களுக்குள் பகிர்ந்து உயிரோடு வைத்திருந்தார்கள். 2020-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனமே அதைப் புதுப்பித்து இலவசமாக வெளியிட்டது. ரசிகர்கள் மறந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு நினைவு வந்திருக்குமா என்பது ஐயமே.

சான்பிரான்சிஸ்கோவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை இணையத்தில் வைத்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். டாஸ்பாக்சின் ஒரு வடிவம் உலாவிக்குள்ளேயே ஓடும். பள்ளிக் கணிப்பொறியில் இவ்வகை விளையாட்டொன்றைத் திறக்க வாய்ப்புக் கிடைத்தால், வெற்றி தோல்வியை விட்டுவிட்டு ஓர் இயற்பியல் மாணவராகப் பாருங்கள். பாத்திரம் தாவும் பாதை பரவளையமா? மேலேற எடுக்கும் நேரமும் கீழிறங்க எடுக்கும் நேரமும் சமமா? இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் காற்றில் இருக்கும்போதே திசையை மாற்றலாம். அப்போது உந்தம் எங்கே போயிற்று? நிரல் எழுதியவர் தனக்கென ஒரு புவியீர்ப்பை வகுத்திருப்பார். திரையைப் படம்பிடித்து, சட்டம் சட்டமாக எண்ணி, அதன் மதிப்பைக் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய தட்டு கிடைத்தால் உடனே எடுத்துச் செருகிவிடாதீர்கள். முதலில் தட்டைக் கையால் மெல்லத் திருப்பி, திறப்பின் வழியே பூஞ்சைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேலுறையையும் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். எதனோடு வந்தது, யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். செருகுவதற்கு முன் அதில் புதிதாக எதுவும் எழுதப்படாதபடி பூட்டுங்கள். 5¼ அங்குலத் தட்டின் ஓரத்தில் உள்ள சதுர வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. 3½ அங்குலத் தட்டில் இது நேர்மாறு: மூலையிலுள்ள சிறு சாளரம் திறந்திருந்தால்தான் எழுத முடியாது.